புற்றுக்காளான் தேடப் போகிறீர்களா? முதல் மழைக்காலத்துக்கு ஒரு வழிகாட்டி

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும், மழை பிடித்ததும் காளான் பேச்சு தொடங்கிவிடும். "எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டால் கிடைக்கும் பதிலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "பார்த்தாலே தெரியும்." தெரியும்தான், பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு. நகரத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும், ஊரைவிட்டுப் போய்ப் பல வருடம் கழித்துத் திரும்பியவர்களுக்கும் அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. அனுமதி விஷயம் அதைவிட மோசம். வனத்துறையில் கேட்டேன், வருவாய்த்துறையைக் கேட்கச் சொன்னார்கள். வருவாய்த்துறையில் கேட்டேன், வனத்துறைக்கே திருப்பி அனுப்பினார்கள். இப்படி அலைந்து, விவரம் தெரிந்த பெரியவர்களின் பின்னால் நடந்து சேர்த்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நீங்களாவது அலையாமல் இருக்கலாம்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு எந்தக் காளானையும் வாயில் வைக்காதீர்கள். மூன்றாவது படியில் சொல்லும் ஆள் கிடைக்கும்வரை இது வாசிப்பதற்கு மட்டும்.

1. ஒரே ஒரு காளானைக் கற்றுக்கொள்ளுங்கள்

"காளான்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று கிளம்பினால் குழப்பம்தான் மிஞ்சும். முதல் வருடம் முழுக்கப் புற்றுக்காளான் ஒன்று போதும். கறையான்கள் மண்ணுக்கு அடியில் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து வருவது இது. இலைச் சருகையும் மரத்தூளையும் தின்று, அந்தக் கழிவைக் கொண்டு பஞ்சு போன்ற ஒரு கூட்டைக் கட்டி, அதன்மேல் கறையான்கள் இந்தப் பூஞ்சையை வளர்க்கின்றன. பருவம் வந்ததும் அந்தக் கூட்டிலிருந்து தண்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. கறையான் இல்லாமல் இதை வணிக அளவில் வளர்க்க இன்னும் யாராலும் முடியவில்லை. சீசனில் சாலையோரத்தில் கிலோ பல நூறு ரூபாய்க்கு விற்பதற்குக் காரணம் இதுதான்.

இதை முதலில் கற்கச் சொல்வது சுவைக்காக மட்டுமல்ல. நம் பக்கம் முளைக்கும் காளான்களில், மண்ணுக்கு அடியில், நீண்ட வேர் என்று இவ்வளவு தெளிவான அடையாளத்தை வைத்திருப்பது வேறு அதிகம் இல்லை. அதனால் காளானைத் தேடாதீர்கள், புற்றைத் தேடுங்கள். புற்று மேடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மேலே எதுவும் தெரியாமல் சமதரைக்கு அடியிலும் கறையான் கூடு இருக்கும்.

அரிசிக் காளானும் இதே குடும்பம்தான். விரல் நுனி அளவில், நூற்றுக்கணக்கில் தரையை மூடிக்கொண்டு முளைக்கும், சுவையும் அபாரம். ஆனாலும் முதல் வருடம் அதை விட்டுவிடுங்கள். அதற்கு நீண்ட வேர் கிடையாது. வெள்ளையாகச் சின்னதாக முளைப்பவற்றில் கல்லீரலைத் தின்றுவிடும் நஞ்சுள்ளவையும் இருக்கின்றன.

2. நிலம் யாருடையது என்று பாருங்கள்

மழைக்கு முளைத்தது யாருக்கும் சொந்தமில்லை என்ற எண்ணத்தோடு கிளம்புபவர்கள்தான் முதலில் மாட்டுகிறார்கள். நிலத்தை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பட்டா நிலம்: உரிமையாளர் சம்மதித்தால் போதும், வேறு காகிதம் எதுவும் வேண்டாம். ஆனால் சம்மதம் வாய்வார்த்தையாக இல்லாமல் கைப்பேசியில் ஒரு செய்தியாக இருக்கட்டும். தோப்பில் காவலுக்கு இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. விடியற்காலையில் கூடையோடு நிற்பவரைத் தேங்காய் திருட வந்தவர் என்றுதான் அவர் நினைப்பார். குத்தகைக்கு விட்ட தோட்டமாக இருந்தால் உரிமையாளர், குத்தகைதாரர் இருவரையும் கேளுங்கள். கிடைத்ததில் பாதியை வீட்டில் கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம். யாரும் கேட்க மாட்டார்கள். கொடுக்காமல் போனால் அடுத்த வருடம் வழியும் விட மாட்டார்கள்.

புறம்போக்கு, கோயில் நிலம்: இங்கேதான் குழப்பம். வெளிப்பார்வைக்கு வெறும் தரிசு போல இருப்பது மேய்ச்சல் புறம்போக்காகவோ, அறநிலையத்துறை நிலமாகவோ, காப்புக்காட்டின் ஓரமாகவோ இருக்கலாம். அரசின் தமிழ்நிலம் வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டுப் புல எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு நில ஆவணங்களுக்கான அரசு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்து அ-பதிவேட்டைப் பாருங்கள். நிலத்தின் வகைப்பாடு அதில் இருக்கும். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். "இந்தப் புல எண் காப்புக்காட்டில் வருகிறதா, இல்லையா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்க வேண்டும். "காளான் எடுக்கலாமா?" என்று கேட்டால் சுற்ற விடுவார்கள்.

காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம்: போகாதீர்கள். காட்டிலிருந்து எதை எடுத்தாலும் அது வனப்பொருள். சரணாலயத்திலிருந்து வனப்பொருளை அகற்றுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு-முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை எல்லாமே புலிகள் காப்பகங்கள். மேற்குமலை ஓரத்தில் நல்ல மழை பெறும் இடங்களில் பெரும்பகுதி இவற்றுக்குள்ளோ இவற்றை ஒட்டியோதான் இருக்கிறது. "காட்டுவாசிகள் எடுக்கிறார்களே" என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கும் வழிவழியாகக் காட்டில் வாழ்பவர்களுக்கும் கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காரில் வருபவர்களுக்குக் கொடுக்கவில்லை. வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ டிக்கெட்டை வைத்துக்கொண்டும் எதையும் எடுக்க முடியாது. அந்த டிக்கெட் நடப்பதற்கு மட்டும்.

எங்கே போனாலும் ஆதார் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ கையில் இருக்கட்டும். மலைப்பாதைச் சோதனைச்சாவடியில் கேட்பார்கள்.

3. கூட வர ஒரு ஆளைப் பிடியுங்கள்

புத்தகத்துக்கும் கைப்பேசிச் செயலிக்கும் செலவழிக்கும் பணத்தை இவருக்குக் கொடுங்கள். படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் மேலே தெரிவதை வைத்துத்தான் சொல்கின்றன, மண்ணுக்கு அடியில் இருப்பது அவற்றுக்குத் தெரியாது.

யாரைக் கேட்பது? தோட்டத்தில் களையெடுக்கும் பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள். தினமும் குனிந்த தலையோடு நிலத்தைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். தேநீர்க் கடையில் உட்கார்ந்து காளான் கதை சொல்பவரை நம்பிப் போகாதீர்கள். அந்தக் கதைகளில் வரும் புற்றுகள் எல்லாம் எப்போதும் இருபது வருடம் முன்பு இருந்தவை.

ஒருநாள் கூலி எவ்வளவு என்று ஊரில் விசாரித்து அதைக் கொடுங்கள். அரைநாள்தான் ஆனது என்று பாதியாகக் குறைக்காதீர்கள், அவர் அன்றைய வேலையை விட்டுவிட்டு வருகிறார். அவர் காட்டிய இடத்துக்குப் பிறகு அவர் இல்லாமல் போய் எடுப்பது அவர் வீட்டுச் சட்டியில் கை வைப்பதுதான். சில குடும்பங்களில் எந்தப் புற்றில் எப்போது முளைக்கும் என்பதைத் தாய் மகளுக்கு மட்டுமே சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் உங்களைக் கூட்டிப்போகச் சம்மதித்தாலே பெரிய விஷயம்.

போகும்போது அவரிடம் "இது நல்ல காளானா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதைவிட, "எதை நீங்கள் எடுக்க மாட்டீர்கள்? ஏன்?" என்று கேளுங்கள். நான் கற்றதில் பெரும்பகுதி இரண்டாவது கேள்வியில் வந்ததுதான்.

4. சாமான்கள்

அதிகம் வேண்டாம். கைக்கு அடக்கமான களைக்கொத்து ஒன்று, சின்னக் கத்தி ஒன்று, மூங்கில் கூடை ஒன்று, பழைய செய்தித்தாள், நீளமான தடி. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் மட்டும்தான் செலவு வைக்கும் சாமான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும்.

பிளாஸ்டிக் பை வேண்டாம். வேர்த்து, குழைந்து, வீட்டுக்கு வரும்போது அடையாளம் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. மலைமேல் அட்டைப்பூச்சி இருக்கும் பகுதி என்றால் சிறு துணியில் உப்பு முடிந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

5. எந்த மாதம், எந்த மழை, எந்த நேரம்

தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் கன்னியாகுமரி, தென்காசி, பொள்ளாச்சி, நீலகிரிச் சரிவுகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை. மற்ற மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழையோடு, அதாவது ஐப்பசி, கார்த்திகை. கோடை இடிமழைக்குப் பிறகும் சில இடங்களில் தலைகாட்டும்.

அடைமழை பெய்துகொண்டிருக்கும்போது போய்ப் பயனில்லை. மண் நன்றாக ஊறிய பிறகு மழை விட்டு, ஒரு நாள் இரண்டு நாள் வெயில் காய்ந்து, இரவில் மின்விசிறி போட்டும் தூங்க முடியாத அளவுக்குப் புழுக்கம் வரும் பாருங்கள், அதற்கு அடுத்த காலைகளில் போங்கள். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இடியோடு வரும் மழை வேகமாக மண்ணை நனைத்து, பின்னாலேயே புழுக்கத்தையும் கொண்டுவருகிறது. எந்தக் காரணமானாலும், கிளம்புவதற்கு அது மோசமான குறிப்பு இல்லை.

மொட்டாகவோ பாதி விரிந்தோ இருக்கும்போதுதான் சுவை. காலையில் மொட்டு, மதியத்தில் குடை, மாலையில் புழு. ஆகவே காலையில்தான் போக வேண்டும். ஆனால் நன்றாக விடிந்த பிறகு போங்கள், இருட்டில் வேண்டாம். காரணம் அடுத்த படியில்.

6. புற்றை நெருங்கும்போது

யானை: கோவை, வால்பாறை, நீலகிரி அடிவாரங்களில் இரவு தோட்டங்களில் மேய்ந்த யானைகள் காட்டுக்குத் திரும்புவது விடியற்காலையில்தான். காளானுக்கு முந்திக்கொள்ளலாம் என்று டார்ச் விளக்கோடு ஐந்து மணிக்குக் கிளம்புபவர், அதே பாதையில் அவற்றுக்கு எதிரில் போகிறார். முதல் நாள் இரவு அந்தப் பக்கம் யானை வந்ததா என்று ஊரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மின்வேலி: காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்சாரக் கம்பி இழுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், ஈரப்புல்லில் கண்ணுக்கே தெரியாது. வரப்பைத் தாண்டும் முன் தோட்டக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தோட்டம் வேண்டாம்.

பாம்பு: கறையான் கைவிட்ட புற்றில் நல்லபாம்பு தங்குவது கதை இல்லை. புற்றுக்கண்ணுக்குள் கை விடாதீர்கள். சருகைக் கையால் விலக்காமல் தடியால் விலக்குங்கள். கண்ணாடி விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும்.

மஞ்சள் குங்குமம் தெரிந்தால்: அது சாமி. செவ்வாய், வெள்ளிகளில் பால் ஊற்றுகிற புற்றாக இருக்கும். அதைச் சுற்றி எவ்வளவு முளைத்திருந்தாலும் கை வைக்காதீர்கள். வேப்பமரத்தடியில் தனியாக நிற்கும் பெரிய புற்று என்றால், மஞ்சள் தெரியாவிட்டாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். மழை மஞ்சளைக் கழுவியிருக்கும்.

சாலையோரம், குப்பைமேடு, தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடும் பகுதி, களைக்கொல்லி அடித்த தோப்பு இவற்றில் முளைத்ததை எடுக்காதீர்கள். காளான் மண்ணில் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

7. பறிக்காதீர்கள், தோண்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

தரைமட்டத்தில் கிள்ளி எடுத்த காளானை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நச்சுக் காளான்களில் மிகக் கொடியவற்றுக்கு அடையாளம் தண்டின் அடியில் இருக்கிறது. புற்றுக்காளானுக்கும் அடையாளம் அங்கேதான். கிள்ளும்போது இரண்டையும் சேர்த்து மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிக் களைக்கொத்தை இறக்கி, மண்ணைப் பக்கவாட்டில் விலக்குங்கள். தண்டை இழுக்க வேண்டாம். மண் விலக விலக, தரைமட்டத்தில் கொஞ்சம் பருத்திருக்கும் தண்டு கீழே போகப் போக மெலிந்து, எலிவால் போல நீண்டுகொண்டே போவது தெரியும். மேலே வெள்ளையாக இருக்கும் தண்டு, அடியில் பழுப்பாகவோ கறுப்பாகவோ தோல் போர்த்தியிருக்கும். ஈரச் செம்மண் அதில் ஒட்டிக்கொண்டு விடாது. கத்தியின் முதுகால் மெல்லச் சுரண்டினால் அந்தத் தோலுக்கு அடியில் வெள்ளை நார் தெரியும். ஒரு சாண் போகலாம், ஒரு முழத்துக்கு மேலும் போகலாம். கூடு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீளம். ஒரு சாண் வரை தொடர்ந்து பார்த்து, அது வேராகப் போகிறது என்று உறுதியானதும் அங்கே வெட்டிவிடலாம்.

கூடுவரை தோண்டாதீர்கள். தேன்கூடு போலத் துளைத்துளையாக, சாம்பல் கலந்த பழுப்பில், வெள்ளைக் குண்டூசித் தலைகள் பதித்தது போல ஒன்று தென்பட்டால் அதுதான் கறையானின் தோட்டம். அதைக் கிளறினால் அந்த இடத்தில் அடுத்த வருடம் ஒன்றும் இருக்காது. தோண்டிய குழியை மூடி, காலால் மிதிக்காமல் கையால் அழுத்திவிடுங்கள். ஒரு கூட்டத்தில் ஒன்றிரண்டை முழுதாகத் தோண்டிப் பார்த்தால், அதே கூட்டத்தில் உள்ள மற்றவற்றைத் தரையடியில் அறுத்து எடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் அதே தொப்பி, அதே தண்டுதானா என்று பார்த்துத்தான். புற்றுக்காளான் கூட்டத்துக்கு நடுவே வேறொன்று முளைக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

இனி மேல்பகுதி. தொப்பியின் நடுவில் கூர்மையான, கெட்டியான ஒரு முனை இருக்கும், சுற்றியுள்ள நிறத்தைவிடக் கருமையாக. மண்ணைத் துளைத்து வந்த முனை அது. விரிந்த தொப்பியின் ஓரம் நடுவை நோக்கிக் கீறலாகப் பிளந்திருக்கும். தொப்பிக்கு அடியில் மெல்லிய தகடுகளாக உள்ள செவுள்கள் நெருக்கமாக, வெள்ளையாகத் தொடங்கி, முற்றும்போது இளஞ்சிவப்பு ஏறும். தண்டு கெட்டியாக இருக்கும், பிய்த்தால் வெந்த கோழிச்சதை போல நார்நாராக வரும். தண்டில் வளையம் சில வகைகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஆகையால் வளையத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். தண்டின் அடியில் பையோ கிண்ணமோ ஒருபோதும் இருக்கக் கூடாது.

8. ஏமாற்றும் முகங்கள்

பச்சை வித்துக் குடைக்காளான்: நம் ஊர்ப் புல்வெளி, தென்னந்தோப்பு, சாணம் போட்ட நிலம் எல்லாவற்றிலும் மழைக்குப் பிறகு கொத்துக்கொத்தாக நிற்கும். தட்டு அளவு வெள்ளைத் தொப்பி, மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகரக்கூடிய வளையம். பார்க்க அழகு, வாசனையிலும் ஒரு குறை சொல்ல முடியாது. தின்றவர்களை ஓரிரு மணி நேரத்தில் வாந்தியும் பேதியுமாகப் படுக்கப் போடும். இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளையாகவே இருப்பதால்தான் ஏமாறுகிறார்கள், முற்றிய பிறகே பச்சை ஏறும். தோண்டிப் பார்த்தால் வேர் இருக்காது, குமிழ் போல முடிந்துவிடும்.

கிண்ணத்தில் நிற்கும் வெள்ளைக் காளான்கள்: தண்டின் அடியில் கிழிந்த முட்டை ஓடு போல ஒரு பை, வெள்ளைச் செவுள், பெரும்பாலும் ஒரு வளையம். இந்த இனத்தில்தான் உயிரைக் குடிப்பவை இருக்கின்றன. வைக்கோல் காளானும் முட்டைப் பருவத்தில் இப்படித்தான் இருக்கும். வைக்கோல் போரில் முளைத்தது நல்லதுதானே என்று முட்டையாக இருப்பதை எடுக்காதீர்கள்.

சாணக் காளான்: கொடைக்கானல் பக்கம் போதைக்காகத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கிள்ளினால் நீலம் பாயும் இவற்றை வைத்திருந்தால் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி வழக்கில் மாட்டிக்கொள்ளலாம். "சமையலுக்கு எடுத்தேன்" என்ற பதிலை யாரும் கேட்கப் போவதில்லை. சாணத்தின்மேல் முளைத்த எதையும் கூடையில் போடாதீர்கள்.

வீட்டுச் சோதனைகளுக்கும் இங்கேயே ஒரு முழுக்குப் போட்டுவிடுகிறேன். வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், எறும்பும் நத்தையும் தின்றிருந்தால் நல்லது, மஞ்சளும் புளியும் போட்டுக் கொதிக்க வைத்தால் விஷம் முறியும்: நான்கும் பொய். கல்லீரலைத் தாக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் சாகாது, காய வைத்தாலும் சாகாது. நத்தையின் வயிறு வேறு, நம் வயிறு வேறு.

9. காகிதத்தில் வித்துத் தூளைப் படிய வையுங்கள்

காளானின் வித்துத் தூளுக்கு ஒரு நிறம் உண்டு. அதைப் பார்க்கச் செலவே இல்லை. பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான ஒரு காகிதத்தில், நன்றாக விரிந்த தொப்பி ஒன்றைத் தண்டை அறுத்துவிட்டுச் செவுள் கீழே இருக்கும்படி வையுங்கள். மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுங்கள். காலையில் வைத்தால் பெரும்பாலும் மாலைக்குள் தூள் படிந்துவிடும். மொட்டுக் காளான் தூள் தராது. ஆகவே சமையலுக்கு மொட்டு எடுத்தாலும் சோதனைக்காக அதே கூட்டத்திலிருந்து விரிந்த குடை ஒன்றையும் கொண்டுவாருங்கள். பலர் இதை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து விழிக்கிறார்கள்.

புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு, அல்லது சிவப்புக் கலந்த பாலாடை நிறம். பச்சை வந்தாலோ, வெள்ளை வந்தாலோ, துருப்பிடித்த பழுப்பு வந்தாலோ குப்பைக்கு. இளஞ்சிவப்பு வந்துவிட்டதால் மட்டும் நல்லதாகிவிடாது, அதே நிறத் தூளுள்ள நச்சுக் காளான்களும் உண்டு. அவற்றுக்கு அந்த நீண்ட வேர் கிடையாது. வேருள்ள வேறு காளான்களும் உண்டு, அவற்றின் தூள் வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்கும். புற்றிடம், வேர், முனை, தூள் நான்கும் ஒத்துவர வேண்டும். கூட வந்தவரும் தலையாட்ட வேண்டும். மூன்று ஒத்துவந்தால் எழுபத்தைந்து மதிப்பெண் என்று கணக்குப் போடாதீர்கள், இந்தப் பரீட்சையில் நூறுக்குக் கீழே எல்லாம் தோல்விதான்.

10. சமையல், முதல் வாய்

மாலைவரை சோதனைக்குக் காத்திருக்கும் காளானைக் கழுவாமல், செய்தித்தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் காலைக்குள் சமைத்துவிட வேண்டும். அதற்குமேல் வழவழப்பு வந்துவிட்டால் நல்ல காளானும் கெட்டதுதான்.

சமைக்கும் முன் இரண்டு காளானை, வேரோடும் மண்ணோடும், தனியாக ஒரு காகிதத்தில் சுற்றித் தேதி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு நாள் அங்கேயே இருக்கட்டும். எதற்கு என்று அடுத்த படியில் தெரியும்.

தண்டின் அடியில் உள்ள கறுப்புத் தோலைக் கத்தியால் சீவி, உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் செவுளுக்குள் இருக்கும் பூச்சிகள் மேலே வந்துவிடும். அரிந்து, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டு, அதுவிடும் தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை வேக வையுங்கள். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்ன வேண்டாம். மசாலாவை அள்ளிக் கொட்டுபவர்கள் கடைக் காளானையே வாங்கிக்கொள்ளலாம்.

முதல் தடவை வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும், இரண்டு மூன்று கரண்டி, அவ்வளவுதான். ஒரு முழு நாள் பொறுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் இந்த விளையாட்டிலேயே வேண்டாம். அன்று மது வேண்டாம். நன்றாக வெந்த நல்ல காளானே சிலர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அதற்காகவும்தான் இந்தச் சிறு அளவு.

11. ஏதாவது ஆகிவிட்டால்

தின்ற இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வரும் வாந்தி பேதி படுத்தி எடுக்கும், ஆனாலும் பெரும்பாலும் தேறிவிடலாம். ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்கும் வாந்தி பேதிதான் பயப்பட வேண்டியது. கல்லீரல் நஞ்சின் குறி அது. இதில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. இரண்டாம் நாள் வயிறு அடங்கி, ஆள் தேறிவிட்டது போலத் தெரியும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் கல்லீரல் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக் காளான் தின்று பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

உடனே 108-ஐ அழையுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போங்கள். உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுக்க வைப்பது, மோர், வேப்பிலைச் சாறு என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். தின்ற எல்லோரும் போக வேண்டும், ஒன்றும் இல்லை என்று சொல்பவரும்தான்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: குளிர்சாதனப் பெட்டியில் வைத்த இரண்டு காளான், மீந்த குழம்பு, வித்துப் படிந்த காகிதம், ஒரு துண்டுச் சீட்டில் தின்ற நேரமும் முதல் வாந்தி வந்த நேரமும். இந்த இரண்டு நேரங்களைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார். கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையை மறுநாளும் அதற்கு மறுநாளும் திரும்ப எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மருத்துவரிடமும் அந்த எண்ணைக் கொடுங்கள்.

12. தேதியும் இடமும்

கிடைத்த இடம், ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, முந்தைய வாரம் பெய்த மழை இவற்றைக் குறித்து வையுங்கள். புற்றுக்காளான் பெரும்பாலும் அதே இடத்தில், அதே வாக்கில் அடுத்த வருடமும் வரும். இரண்டாவது வருடம் அலைச்சல் பாதியாகிவிடும். படம் எடுத்தால் கைப்பேசியில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டு எடுங்கள். படத்தோடு இடத்தையும் ஊருக்குச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே முப்பது பேர் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்க்க நேரிடும்.

அதிகமாகக் கிடைத்தால் விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதல் வருடம் வேண்டாம். உங்கள் வயிற்றோடு முடிய வேண்டிய சோதனையை அடுத்தவர் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அனுபவம் வந்த பிறகும் விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சிறு வியாபாரிகளுக்கு அடிப்படைப் பதிவு போதும். விண்ணப்பத்துக்குப் புகைப்படமும் அடையாளச் சான்றும் தேவை. காளான் தொழிலே செய்ய ஆசை என்றால் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோவையில் சிப்பிக்காளான் வளர்ப்புப் பயிற்சி கொடுக்கிறது. அதற்கு மழையும் வேண்டாம், புற்றும் வேண்டாம், யானைக்கும் பயப்பட வேண்டாம்.